அந்திமந்தாரையின் இலை மெண்டலுக்கு ஏன் கட்டுப்படுவதில்லை?

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது: “அந்திமந்தாரையில் பூ நிறத்துக்கு 1:2:1 என்று விகிதம் வருகிறது. அதே செடியின் இலையில் விழும் வெள்ளைத் திட்டுக்கு மட்டும் விகிதமே வருவதில்லை, தாய் எப்படியோ பிள்ளை அப்படி என்கிறார்கள். அப்படியானால் மகரந்தத்துக்கு அங்கே என்னதான் வேலை?”

‘சைட்டோபிளாச மரபுவழி’ (அதாவது, செல்லின் உட்கருவுக்கு வெளியே இருக்கும் பகுதி வழியாக வரும் பரம்பரை) என்று எழுதிவிட்டால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். கேட்டவருக்கு அது போதவில்லை. படித்த காலத்தில் எனக்கும் போதவில்லை. செல், தண்டு நுனி, பாக்டீரியா, மரபணு என்று நான்கு பாடங்களில் சிதறிக் கிடப்பதை ஒரே இடத்தில் கூட்டினால்தான் இதற்குப் பதில் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் செடி. அந்திமல்லி என்றும் சொல்வார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்து நம் வேலியோரங்களில் தானாகவே முளைக்கும் அளவுக்குப் பழகிவிட்டது. மாலை நான்கு மணி வாக்கில் மலர ஆரம்பிக்கும். காய்த்தால் மிளகு போலக் கறுப்பாக, சுருக்கம் விழுந்த ஒரே ஒரு விதை. உடைத்தால் உள்ளே வெள்ளை மாவு. ஒரு பூவுக்கு ஒரு விதைதான் என்பதை நினைவில் வையுங்கள். பட்டாணியில் ஒரு பூவைக் கலப்பு செய்தால் ஒரு காய் நிறைய விதை. இங்கே நூறு விதை வேண்டுமென்றால் நூறு பூக்களை, மலருமுன் மகரந்தப்பையைக் கிள்ளி எடுத்து, ஒவ்வொன்றாகக் கலப்பு செய்ய வேண்டும். இந்தச் செடியில் வேலை செய்தவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

இன்னொன்று, தேர்வில் தவறு நேரும் இடம். அந்திமந்தாரைப் பூவில் நிறமாகத் தெரிவது அல்லி இதழ் இல்லை. அடியில் பச்சைக் கிண்ணம் போல இருப்பது பூவடிச்செதில்கள் ஒட்டி உண்டானது. நிறமுள்ள குழல்தான் புல்லிவட்டம். இதன் உறவான காகிதப்பூவில் நிறம் பூவடிச்செதிலுக்குப் போய்விட்டது. இரண்டிலும் நிறமி பீட்டாலெய்ன், பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை. பூ என்றாலே, பல பூக்களுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமியை எழுதிவிடாதீர்கள்.

சரி, பூ நிறத்துக்கு வருவோம். சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் முதல் தலைமுறை ரோஜா நிறம். அவற்றைத் தமக்குள் கலந்தால் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு ரோஜா, ஒரு பங்கு வெள்ளை. நிறமி உண்டாக்கும் மரபணு இரண்டு பிரதியும் நன்றாக இருந்தால் முழு நிறம், ஒன்று மட்டும் நன்றாக இருந்தால் அரை நிறம். தாயையும் தந்தையையும் இடம் மாற்றிக் கலந்தாலும் விடை மாறாது.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். 1:2:1 என்ற விகிதம் எங்கிருந்து வருகிறது? குன்றல் பகுப்பிலிருந்து, அதாவது இனச்செல் உண்டாகும்போது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவிலிருந்து வருகிறது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஓர் இணை. இரண்டும் சேர்ந்து நடுக்கோட்டில் நிற்கும், இழைகள் பிடித்து ஆளுக்கு ஒரு பக்கமாக இழுக்கும். பத்திரம் எழுதிச் சரிபாதி பாகம் பிரிப்பது போல, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் பங்கீடு நடக்கிறது. எண்ணிப் பங்கிடும் ஓர் ஏற்பாடு செல்லுக்குள் இருப்பதால்தான் வெளியே நமக்கு எண்ணில் விகிதம் கிடைக்கிறது. விகிதம் வராத இடம் ஏதாவது இருந்தால், அங்கே யாரும் எண்ணவில்லையோ என்ற சந்தேகம் வர வேண்டும். அந்தச் சந்தேகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இலைக்குப் போவோம்.

கார்ல் காரன்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1909இல் இந்த வேலையை வெளியிட்டார். பட்டாணிச் செடியில் மரபு விகிதங்களைக் கண்ட மெண்டலின் விதிகளை 1900இல் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இவர். மெண்டல் நேகேலி என்ற தாவரவியலாளருக்கு எழுதிய கடிதங்களை 1905இல் பதிப்பித்தவரும் இவர்தான். அந்தக் கடிதங்களில் மெண்டலே அந்திமந்தாரையில் ஒற்றை மகரந்தத்தூளை வைத்துக் கருவுறச் செய்து பார்த்ததைச் சொல்கிறார். மெண்டலை இவ்வளவு நெருக்கமாக அறிந்த ஒருவர் கையிலேயே மெண்டலுக்கு அடங்காத ஒன்று வந்து சிக்கியதை வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவரிடம் இருந்தது நம் ஊர் வேலியோரத்துச் செடி போல முழுப்பச்சை வகை இல்லை, இலையில் திட்டு விழும் வகை. ஒரே செடியில் சில கிளைகள் முழுப்பச்சை, சில முழு வெளுப்பு, சில இரண்டும் கலந்த திட்டுக்கிளை. மூன்று வகைக் கிளையிலும் பூ பூக்கும். எந்தக் கிளைப் பூவிலிருந்து மகரந்தம் எடுத்தோம், எந்தக் கிளைப் பூவின் சூலகமுடியில் வைத்தோம் என்று எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்தால் ஒன்பது வருகிறது. பச்சைக் கிளைப் பூ தாயாக இருந்தால், மகரந்தம் எதிலிருந்து வந்தாலும் நாற்றெல்லாம் பச்சை. வெளுத்த கிளைப் பூ தாயாக இருந்தால் நாற்றெல்லாம் வெளுப்பு. விதையில் இருக்கும் மாவு தீரும்வரை நின்றுவிட்டுச் செத்துப்போகும். திட்டுக்கிளைப் பூ தாயாக இருந்தால் பச்சை, வெளுப்பு, திட்டு மூன்றும் வரும். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டால் பதில் கிடையாது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கணக்கு.

வெளுத்த கிளை எப்படி உயிரோடு இருந்து பூத்தது என்று கேட்டால், அதே செடியின் பச்சைக் கிளைகள் போட்ட சோறுதான். நாற்றாகத் தனியே வந்ததும் சோறு போட ஆளில்லை.

இந்த மூன்றாவது விடைதான் எனக்குப் பிடித்தது. தாயைப் போலவே வருகிறது என்பதைவிட, திட்டுக்கிளையிலிருந்து மூன்று விதமும் வருகிறது என்பதில்தான் முழு ரகசியமும் இருக்கிறது.

தாவர செல்லில், இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் இருப்பது தெரிந்ததே. அதன் பொதுப்பெயர் கணிகம். தண்டு நுனியில் இருக்கும் இளம் செல்களில் அது நிறமற்ற முன்கணிகமாக, பத்து இருபது என்ற அளவில் இருக்கும். முதிர்ந்த இலையின் செல்லில் நூறை ஒட்டிக்கூடப் போகும். ஒவ்வொரு கணிகத்துக்கும் சொந்த டிஎன்ஏ உண்டு. அதில் ஒரு பழுது விழுந்து பச்சையம் உண்டாக்கவோ நிலைநிறுத்தவோ முடியாமல் போனால் அந்தக் கணிகம் வெளுத்துவிடும். வெள்ளை செல்லில் கணிகமே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. பச்சை இல்லாத கணிகம் அங்கே இருக்கிறது. கொழுப்பு அமிலம், சில அமினோ அமிலங்கள் போன்றவற்றைத் தயாரிக்கக் கணிகம் வேண்டும் என்பதால் கணிகமே இல்லாத செல் பிழைக்க வழியில்லை.

இப்போது ஒரு செல்லில் பச்சைக் கணிகமும் வெள்ளைக் கணிகமும் கலந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். செல் பிரியும்போது குரோமோசோம்களுக்கு நடக்கும் பாகப்பிரிவினை கணிகங்களுக்குக் கிடையாது. செல்லின் நடுவே சுவர் எழும்பும்போது இந்தப் பக்கம் கிடந்தது இந்த மகளுக்கு, அந்தப் பக்கம் கிடந்தது அந்த மகளுக்கு. சாக்கிலிருந்து கை போட்டு அள்ளுவது மாதிரிதான்.

வகுப்பில் இதைப் பயறு வைத்து விளையாடியிருக்கிறேன். நீங்களும் செய்யலாம். இரண்டு பச்சைப்பயறு, இரண்டு வெள்ளை உளுந்து எடுத்துக்கொள்ளுங்கள். இது நான்கு கணிகமுள்ள ஒரு செல். பிரிவதற்கு முன் கணிகமும் இரட்டிக்கும், எனவே நான்கு பச்சை, நான்கு வெள்ளை ஆக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு எட்டிலிருந்து நான்கை எடுங்கள். கணிதப் பாடத்தில் படித்த சேர்மானத்தை இங்கே பயன்படுத்தினால், நான்கை எடுக்க மொத்தம் 70 வழிகள். அவற்றில் 36இல் மறுபடி இரண்டுக்கு இரண்டே வரும். 32இல் மூன்றுக்கு ஒன்று என்று ஏதாவது ஒரு பக்கம் சாயும். மீதி 2இல் ஒரே நிறமாகிவிடும்: ஒன்றில் நான்கும் பச்சை, இன்னொன்றில் நான்கும் வெள்ளை.

முதல் சுற்றிலேயே ஒரே நிறமாவது அரிதுதான். ஆனால் மூன்றுக்கு ஒன்று என்று சாய்ந்த செல்லை மறுபடி இரட்டித்து அள்ளினால், 70இல் 15 வழிகளில் அது சுத்த நிறமாகிவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, ஒருமுறை நான்கும் பச்சையான செல்லுக்குத் திரும்பி வரும் வழி கிடையாது. அதன் சந்ததி முழுக்கப் பச்சைதான். வெள்ளைக்கும் அப்படியே. கலந்த நிலை கரைந்துகொண்டே போகும், சுத்த நிலை சேர்ந்துகொண்டே போகும். நான்கு பயறில் கணக்குப் போட்டால் சராசரியாக எட்டுச் சுற்றில் ஒரு நிறம் வென்றுவிடுகிறது. கணிகங்களின் எண்ணிக்கை கூடினால் சுற்றும் கூடும், கதை மாறாது.

எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு இருபது சுற்றாகியும் கலப்பாகவே நின்றது. “எனக்கு மட்டும் ஏன் சார்?” என்றான். அதுதான் தற்செயல் என்றேன்.

இலைத் திட்டு என்பது இந்த விளையாட்டின் வரைபடம். கலப்பு செல்லிலிருந்து வளர்ந்த செடியில் எங்கெங்கே ஒரு செல் வெள்ளையில் போய் நிலைத்ததோ, அந்தச் செல்லின் வாரிசுகளெல்லாம் சேர்ந்து ஒரு வெள்ளைத் திட்டு. சீக்கிரமே நிலைத்துவிட்டால் பெரிய திட்டு, இலை வளர்ச்சியின் கடைசியில் நிலைத்தால் சின்னப் புள்ளி.

ஆனால் திட்டு எப்படி விதைக்குப் போகிறது? பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இடம் இது. இங்கேதான் தாவர அமைப்பியல் தேவைப்படுகிறது. விலங்குகள் பலவற்றில் இனச்செல் ஆகப்போகும் செல்கள் கருவிலேயே தனியாக ஒதுக்கப்பட்டுவிடும். தோலில் ஒரு மச்சம் விழுந்தால் அது பிள்ளைக்குப் போகாது. தாவரத்தில் அப்படி முன்கூட்டி ஒதுக்குவது இல்லை. தண்டு நுனியில் ஆக்குத்திசு (பிரிந்துகொண்டே இருக்கும் செல்களின் கூட்டம்) இலையையும் இலைக்கோணத்தில் மொட்டையும் உண்டாக்கிக்கொண்டே போகும். அந்தக் கோணமொட்டு வளர்ந்து கிளையாகும், கிளை பூக்கும், பூவின் சூலுக்குள் முட்டை செல் உண்டாகும். ஆகவே மொட்டு உண்டான இடத்தில் இருந்த செல்கள் வெள்ளையாக இருந்தால் கிளையும் வெள்ளை, அதன் முட்டை செல்லும் வெள்ளை. ஒவ்வொரு கிளையும் தனிக்குடும்பம் மாதிரி. காரன்ஸ் செடியைப் பெயர் சொல்லாமல் கிளையைப் பெயர் சொல்லிக் கணக்கு வைத்ததன் பொருள் இதுதான்.

திட்டுக்கிளையில் சில முட்டை செல்லில் பச்சை மட்டும், சிலவற்றில் வெள்ளை மட்டும், சிலவற்றில் இரண்டும் கலந்து இருக்கும். அதனால் மூன்று வித நாற்று. எந்தக் கிளையில் எவ்வளவு கலப்பு மிச்சம் இருந்தது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். யாரும் எண்ணிப் போடாத இடத்தில் விகிதத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பதினோராம் வகுப்பில் தண்டு நுனியின் வெளி அடுக்குகளை டியூனிகா, உட்பகுதியைக் கார்ப்பஸ் என்று படித்தது நினைவிருக்கும். 1924இல் ஷ்மிட் என்ற ஆய்வாளர் சொன்னது. அப்போது அது வெறும் படமாகத்தான் தெரிந்திருக்கும். இன்று ஆராய்ச்சியாளர்கள் தண்டு நுனியை வெளியிலிருந்து உள்ளே மூன்று அடுக்காகப் பார்க்கிறார்கள். முதல் அடுக்கு புறத்தோலைத் தரும். இரண்டாம் அடுக்கிலிருந்துதான் பொதுவாக மகரந்தமும் முட்டை செல்லும் வரும். மூன்றாவது உட்பகுதிக்கு. ஓரம் வெள்ளை, நடுவில் பச்சை என்று ஒழுங்காக இருக்கும் அலங்கார இலைகளில் பலவற்றில் ஒரு அடுக்கு முழுக்க வெள்ளை, இன்னொரு அடுக்கு முழுக்கப் பச்சை. இரண்டாம் அடுக்கு வெள்ளையாக இருந்தால், இலையின் நடுவில் எவ்வளவு பச்சை இருந்தாலும் விதையில் வருவது வெளுத்த நாற்றுதான். இலையைப் பார்த்து விதையை ஊகிக்க முடியாது, அடுக்கைப் பார்க்க வேண்டும்.

இப்போது மகரந்தத்துக்கு வருவோம். “முட்டை செல் பெரியது, ஆண் கேமீட் (இனச்செல்) சிறியது, அதனால் சைட்டோபிளாசம் தாயிடமிருந்தே வருகிறது” என்று வழக்கமாகச் சொல்வார்கள். தவறு இல்லை, ஆனால் பாதிதான். வெறும் அளவுதான் காரணம் என்றால் பத்துக்கு ஒன்றாவது தந்தையின் கணிகம் தப்பிப் பிழைத்து வந்திருக்க வேண்டுமே. தாவரம் இதற்கென்று தனியாகவே வேலை செய்கிறது. மகரந்தத்தூளின் முதல் பிரிவு சமமற்றது. பெரிய செல்லில் கணிகங்கள் தங்கிவிட, இனப்பெருக்கத்துக்குப் போகும் சின்ன செல்லுக்கு ஒன்றுகூடப் போகாதபடி ஒதுக்கப்படுவது பல தாவரங்களில் நடக்கிறது. சிலவற்றில் கணிகம் உள்ளே போனாலும் பிறகு அதன் டிஎன்ஏ சிதைக்கப்படுகிறது. இன்னும் சிலவற்றில் கருவுறும் நேரத்தில் உட்கரு மட்டும் உள்ளே போய் மற்றதெல்லாம் வாசலிலேயே கழற்றி விடப்படுகிறது. ஆகவே ‘மகரந்தத்தூளில் கணிகம் கிடையாது’ என்று எழுதாதீர்கள். தூளில் இருக்கிறது, அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

இருநூறுக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்களின் மகரந்தத்தைச் சாயமேற்றிப் பார்த்து 1988இல் வெளியான ஆய்வில், சுமார் ஐந்தில் நான்கு பங்கு இனங்களில் இனப்பெருக்க செல்லில் கணிக டிஎன்ஏ காணப்படவில்லை. மீதி ஒரு பங்கில் தந்தை வழியாகவும் போக வாய்ப்பு இருந்தது.

அந்த மீதிக்கு மிகப் பழைய உதாரணம் பெலார்கோனியம், நர்சரிகளில் ஜெரேனியம் என்று விற்பார்களே அது. எர்வின் பவுர் என்பவர் அதில் வெள்ளை ஓரமுள்ள செடியைப் பச்சைச் செடியோடு கலந்தபோது, யார் தாய் யார் தந்தை என்றாலும் பச்சை, வெள்ளை, திட்டு மூன்றும் வந்தன. ஆச்சரியம் என்னவென்றால், பவுரின் கட்டுரையும் காரன்ஸின் கட்டுரையும் 1909இல் ஒரே இதழின் ஒரே தொகுதியில் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. விளக்கத்தில் இருவரும் ஒத்துப்போகவில்லை. செல்லின் சைட்டோபிளாசமே நலம் குன்றியிருக்கிறது, கணிகம் அதனால் பாதிக்கப்படுகிறது என்பது காரன்ஸ் கட்சி. கணிகமே தன் பழுதைச் சுமந்து போகிறது என்பது பவுர் கட்சி. காலம் பவுர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் பாடநூலில் பெயர் நிலைத்தது காரன்ஸுக்கு!

பைன் மரங்களில் கதை தலைகீழ். கணிகம் மகரந்தம் வழியாகத் தந்தையிடமிருந்தும், செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பும் சொந்த டிஎன்ஏ உடையதுமான மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தும் வருகின்றன. தாய்வழிதான் இயற்கை நியதி என்று நினைத்தால் பைன் சிரிக்கும். புகையிலையில் மகரந்தம் முதிரும் சமயத்தில் குளிர் தாக்கினால் தந்தையின் கணிகம் கசிந்து வருவது கூடுகிறது என்று 2023இல் காட்டியிருக்கிறார்கள். பூட்டு வலுவானதுதான், ஆனால் குளிரில் கொஞ்சம் நெகிழ்கிறது.

செல்லுக்குள் இருக்கும் ஓர் உறுப்புக்கு எதற்குத் தனி டிஎன்ஏ, தனிப் பரம்பரை? ஏனென்றால் அது முன்பு தனி உயிராக இருந்தது. பசுங்கணிகம் பழைய பசுங்கணிகம் பிளந்துதான் உண்டாகிறது, புதிதாக முளைப்பதில்லை என்பதை 1883இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஷிம்பர் எடுத்துச் சொன்னார். அது நீலப்பசும்பாசி (ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியா வகை) வம்சம் என்று 1905இல் ரஷ்ய உயிரியலாளர் மெரெஷ்கோவ்ஸ்கி வாதாடினார். 1960களில் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் அதைத் தூசு தட்டி எடுத்தபோதும் பலர் ஏற்கத் தயங்கினார்கள். இன்று ஆதாரம் கொட்டிக் கிடக்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம், பசுங்கணிகத்தில் பாக்டீரியாவைப் போல 70எஸ் என்ற அளவு. அதன் டிஎன்ஏ, உட்கருவில் இருப்பதுபோல ஹிஸ்டோன் என்ற புரதத்தில் சுற்றப்படாதது. பாக்டீரியா இரண்டாகப் பிளக்கும்போது இடுப்பில் வளையம் கட்டும் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதத்தின் வாரிசுதான் பசுங்கணிகத்தையும் நறுக்குகிறது. குடிவந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைய பழக்கம் விடவில்லை.

ஆனால் சொத்தை மட்டும் வீட்டுக்காரர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. 1996இல் முழுமையாகப் படிக்கப்பட்ட சினெகோசிஸ்டிஸ் என்ற நீலப்பசும்பாசியில் சுமார் 3,200 மரபணுக்கள். 1986இல் படிக்கப்பட்ட புகையிலைப் பசுங்கணிகத்தில் டிஎன்ஏவின் எழுத்துகளான காரங்கள் சுமார் 1,56,000, மரபணுக்களோ நூற்றுச் சொச்சம்தான். மீதியில் கொஞ்சம் தொலைந்தது, கொஞ்சம் உட்கருவுக்கு இடம் மாறியது. ஒளிச்சேர்க்கையில் கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியைப் பாருங்கள்: பெரிய துணையலகு எட்டு, அதற்கான மரபணு கணிகத்தில், சின்னத் துணையலகு எட்டு, அதற்கான மரபணு உட்கருவில். ஒரே நொதிக்கு இரண்டு வீட்டிலிருந்து சரக்கு வருகிறது.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு இதுதான் விடை. மகரந்தம் சும்மா போகவில்லை. கணிகம் வேலை செய்யத் தேவையான ஆயிரக்கணக்கான புரதங்களில் பெரும்பாலானவை உட்கரு மரபணுக்களிலிருந்து வருகின்றன, அவற்றில் பாதி தந்தை கொடுத்தது. அந்த உட்கரு மரபணு ஒன்றில் பழுது வந்தாலும் நாற்று வெளுக்கும். மக்காச்சோளத்திலும் நெல்லிலும் வெளிர் நாற்றுகள் நான்கில் ஒன்றாக, மெண்டல் சொன்னபடியே வருவது உண்டு. ஆகவே ‘வெளுப்பு என்றால் தாய்வழி’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். தாயையும் தந்தையையும் இடம் மாற்றிக் கலந்து பார்க்க வேண்டும். விடை மாறாவிட்டால் உட்கருவைச் சந்தேகியுங்கள். மாறினால், ஒவ்வொரு முறையும் தாயையே தொடர்ந்தால், கணிகத்தையோ மைட்டோகாண்ட்ரியாவையோ சந்தேகியுங்கள்.

அதிலும் ஒரு பொறி உண்டு. நன்னீர் நத்தை ஒன்றில் ஓட்டின் சுருள் வலமா இடமா என்பது தாயைப் பொறுத்தது. ஆனால் அது சைட்டோபிளாசத்தில் உள்ள டிஎன்ஏ இல்லை. தாயின் உட்கரு மரபணு முட்டையில் வைத்துவிட்டுப் போன பொருள். அங்கே மெண்டல் விகிதம் வரும், ஒரு தலைமுறை தாமதித்து வரும். அதைத் தாய்வழி விளைவு என்கிறார்கள். நுழைவுத் தேர்வில் இரண்டையும் கலந்து கேட்பது வழக்கம், கவனம். அப்புறம், வெண்டை இலை மஞ்சள் பாரித்தால் கணிகக் கதையை எடுக்க வேண்டாம். அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ்.

யாரும் எண்ணாமல் தாய் அப்படியே கைமாற்றிவிடுகிற இந்தப் பரம்பரை, ஒரு நாட்டின் வயலையே ஆட்டிப் பார்த்த கதை ஒன்று உண்டு. கணிகம் இல்லை, மைட்டோகாண்ட்ரியா. மக்காச்சோளத்தில் கலப்பின விதை தயாரிக்க, தாய் வரிசையில் ஆண்பூக்கதிரை ஒவ்வொரு செடியிலும் கையால் ஒடிக்க வேண்டும். டெக்சாஸில் கண்டெடுத்த ஒரு வகையில் மகரந்தமே உருப்படாது. அந்தக் குறை மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவால் வருவது, எனவே தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைக்கும் தவறாமல் போகும். விதை நிறுவனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1970 வாக்கில் அமெரிக்க மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் இந்த ஒரே மைட்டோகாண்ட்ரியாவைச் சுமந்துகொண்டிருந்தது. உட்கருவில் எத்தனையோ ரகம், மைட்டோகாண்ட்ரியாவில் ஒரே ரகம்.

அந்த ஆண்டு இலைக்கருகல் பூஞ்சையின் புது இனம் ஒன்று பரவியது. அது சுரக்கும் நச்சு, மகரந்தத்தைக் கெடுக்கும் அதே மரபணு உண்டாக்கும் புரதத்தைத்தான் பற்றுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் துளை விழுந்து செல் செத்துவிடும். அமெரிக்காவின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது. 1961லேயே பிலிப்பைன்ஸில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த வகைக்கு அந்த நோய் அதிகம் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குன்றல் பகுப்பு சீட்டுக் கலைப்பது போல ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கரு மரபணுக்களைக் கலைத்துப் போடும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு அந்தக் கலைப்பு கிடைக்காததால் ஒரே வகை அவ்வளவு தூரம் பரவியது.

கடைசியாக, செய்து பார்க்க ஒன்று. திட்டு இலை அந்திமந்தாரை நம் பக்கம் சுலபமாகக் கிடைக்காது. ஸ்னேக் பிளான்ட் என்று விற்கும், மஞ்சள் ஓரமுள்ள செடி எந்த நர்சரியிலும் கிடைக்கும். அதன் ஒரு இலையைக் குறுக்கே துண்டுகளாக வெட்டி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மணலில் நட்டு வையுங்கள். அதிகத் தண்ணீர் விட்டால் அழுகிவிடும். சில மாதத்தில் அடியிலிருந்து புதுக் கன்று வரும். அதில் மஞ்சள் ஓரம் இருக்காது, முழுப்பச்சையாக வரும். இன்னொரு தொட்டியில் அதே செடியின் கிழங்கைப் பிரித்து நடுங்கள். அதில் ஓரம் அப்படியே இருக்கும். தாயும் ஒன்றே, பூவும் இல்லை, மகரந்தமும் இல்லை. இரண்டு தொட்டியும் ஏன் வேறு வேறாக வந்தன என்பதை, தண்டு நுனியின் அடுக்குகளை வரைந்துகொண்டு யோசியுங்கள். இலைத்துண்டில் புது மொட்டு எந்த அடுக்கின் செல்லிலிருந்து கிளம்பியிருக்கும் என்பதுதான் துப்பு.